சுவாமி சிவானந்தரின் மலாயா நாள்கள்

தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு மலாயாவின் முதல் இரயில் பாதை 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் திறக்கப்பட்டது. அப்போது பேராக்கின் தலைநகராக விளங்கிய தைப்பிங்கின் இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும், பின்னர் சுற்றுவட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களிலும் உழைத்த தமிழ்ப் பெருமக்கள் பலராவர். அவர்கள் கப்பலில் எதனை உண்டு உயிர் தரித்தார்கள், கரையிறங்கியதும் எவரை நாடிச் சென்றார்கள், முதல் மாதச் சம்பளம் எவ்வளவு என்பனவற்றைப் பெரும்பாலோர் எழுதிவைக்கவில்லை. சிலரது பெயர்கூட இன்று எவருக்கும் தெரியாது. அத்தகையோர் பட்ட பாட்டினை ஓரளவேனும் உணர்த்தும் வரலாறு, 1913இல் பிழைப்புத் தேடி இந்நாட்டுக்கு வந்த ஓர் இளம் மருத்துவருடையது. அவர் பணிபுரிந்தது பேராக்கில் அன்று. நெகிரி செம்பிலானிலும் ஜொகூரிலும் ஆகும். பிற்காலத்தில் உலகம் அவரைச் சுவாமி சிவானந்தர் என்று அறிந்துகொண்டது.

திருநெல்வேலிச் சீமையிலுள்ள பத்தமடையில் 1887ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் வெங்கு ஐயர், பார்வதி அம்மாள் தம்பதியர்க்கு மகனாகத் தோன்றியவர் குப்புசாமி. அப்பைய தீட்சிதர் வழிவந்த குடும்பம் அது. எட்டயபுரத்திலும் திருச்சிராப்பள்ளியிலும் கற்றபின் தஞ்சாவூரில் மருத்துவம் பயின்றார். 1909இல், இருபத்திரண்டு வயதினிலே, ‘அம்ப்ரோசியா’ என்ற ஆங்கில மருத்துவத் திங்களிதழைத் தொடங்கினார். அதற்கு அன்னையார் தந்த முதல் நூறு ரூபாய். இதழ் நான்காண்டுகள் நடந்தது. ஆயினும் தந்தையார் மறைந்துவிட்ட நிலையில் அவ்வருவாய் போதவில்லை. சென்னையில் ஒரு மருந்தகத்தில் சில காலம் வேலை பார்த்துவிட்டு, மலாயா செல்ல முடிவு செய்தார்.

வைதிகக் குடும்பத்தார் கடல் கடப்பதைத் தோஷமெனக் கருதிய காலம் அது. கப்பலில் சமைத்த உணவைத் தொடுவதற்கு அவருக்கு மனமில்லை. அன்னையார் செய்து கொடுத்த இனிப்புப் பண்டங்களையும் தண்ணீரையுமே கொண்டு பயணம் முழுவதையும் கழித்தார். கரையில் இறங்கும்போது பாதி உயிரே மிஞ்சியிருந்ததென்பர். தைப்பிங் வந்த முன்னோருள்ளும் இவ்வாறு வயிற்றைக் கட்டி வந்தோர் இருந்திருக்கக்கூடும்.

புதிய நாட்டில் அவருக்கு உறவென்று எவருமில்லை. அறிமுகம் ஒன்றே கைப்பொருள். ஐயங்கார் என்ற மருத்துவரின் இல்லத்தை அடைந்தார். அவர் செரம்பானில் மருத்துவம் செய்துவந்த ஹரால்டு பார்சன்சுக்கு ஒரு கடிதம் கொடுத்தார். பார்சன்சு அவரை ஒரு ரப்பர்த் தோட்டத்தின் துரையாகிய ராபின்சிடம் அழைத்துச் சென்றார். ஆள் பெருத்த உருவமும் முன்கோபமும் உடையவர். தனியே ஒரு மருத்துவமனையை நடத்த முடியுமா என்று துரை வினவ, மூன்றைக்கூட நடத்த முடியுமென்று இளைஞர் தயங்காது விடையிறுத்தார். மாதம் நூறு வெள்ளிக்குக் குறைந்து ஒப்புக்கொள்ளலாகாது என்று உள்ளூர் இந்தியர் ஒருவர் முன்னரே சொல்லி வைத்திருந்தார். துரையோ நூற்றைம்பது வெள்ளி தர இசைந்தார்.

அத்தோட்டத்தில் அவர் கழித்த காலம் ஏறத்தாழ ஏழாண்டு. தோட்டங்களில் மலேரியாக் காய்ச்சல் குடும்பம் குடும்பமாக மக்களை வாட்டிய நாள்கள் அவை. மருந்துக் கணக்கும் நோயாளர் கவனிப்பும் அவர் ஒருவர் தலையிலேயே விழுந்தன. களைத்துப்போய் வேலையை விட்டுவிட எண்ணியபோதும் துரை விடவில்லை. ஓரிரவு மழையில் தொப்பலாக நனைந்த ஏழைத் தொழிலாளி ஒருவர், மனைவிக்குப் பிரசவ வேதனை என்று வந்து நின்றார். மருத்துவர் உடனே சென்று வேண்டியதைச் செய்தார். செய்தபின் வீடு திரும்பவில்லை. கொட்டும் மழையிலும் குடிசைக்கு வெளியிலேயே காத்திருந்து, குழந்தை நலமாகப் பிறந்தபின் மறுநாட் காலையிலேதான் இல்லம் ஏகினார். கடல் கடக்கையில் பிறர் சமைத்ததைத் தொடாதவரை, தோட்டத்துக் குடிசை வாசல் இவ்வாறு மாற்றியிருந்தது.

அவர் துறவி போல் வாழ்ந்தார் என்று எண்ணவேண்டா. உயர்ந்த ஆடைகளும் பொன், வெள்ளி, சந்தனக் கலைப்பொருள்களும் அவருக்கு விருப்பமானவை. ஒரே வேளையில் பத்து மோதிரங்கள் அணிந்ததுமுண்டு. மாலையில் ஆர்மோனியம் வாசித்துப் பஜனை பாடுவார். வந்தவர்க்கெல்லாம் அன்னமிடுவார். கைப்பணத்தை நோயாளிகளுக்கே செலவிடுவார்.

இவற்றினும் சிறந்த ஒரு செயல் அதிகம் பேசப்படுவதில்லை. வேலையின்றி அலைந்த இளைஞர்களைத் தம்மிடம் வைத்துப் பயிற்றுவித்தார். பிறகு இரயில் கட்டணமும் கைச்செலவுக்குப் பணமும் கொடுத்துச் செரம்பான் பொது மருத்துவமனைக்கு அனுப்பி மேற்பயிற்சி பெறச் செய்து, பிற மருத்துவமனைகளில் உதவியாளராகச் சேர்த்துவிட்டார். தாம் வந்திறங்கியபோது ஒருவர் எழுதித் தந்த கடிதத்தின் அருமையை அவர் மறக்கவில்லை போலும்.

பின்னர் ஜொகூரில் ஒரு மருத்துவ நிறுவனத்தில் மூன்றாண்டுகள் பணியாற்றினார். ஒரு சாது தந்த வேதாந்த நூல் அவர் உள்ளத்தில் ஏற்கெனவே விதையூன்றியிருந்தது. உடலை மட்டும் குணமாக்கினால் போதுமா என்ற கேள்வி வலுத்தது. நல்ல வருவாயும் நற்பெயரும் இருக்கையிலேயே 1923இல் அனைத்தையும் விடுத்துத் தாயகம் திரும்பினார். சென்னையில் நண்பர் இல்லத்தில் மூட்டை முடிச்சுகளை வைத்துவிட்டு வடக்கே யாத்திரை போனார். 1924ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் ரிஷிகேசத்தில் சுவாமி விசுவானந்த சரசுவதியிடம் துறவு பெற்றுச் சிவானந்தர் ஆனார். 1936இல் தெய்வநெறிக் கழகத்தை நிறுவினார். 1963ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் மகாசமாதி அடைந்தார். அக்கழகத்தின் மலேசியக் கிளை பத்துமலையில் சிவானந்தாசிரமம் அமைத்தது.

துறவேற்றபின்னும் மருத்துவர் அவரை விட்டு அகலவில்லை. 1927இல் அவரது காப்புறுதித் தொகை முதிர்ந்து கைக்கு வந்தது. அதனைக் கொண்டு இலட்சுமண்ஜுலாவில் சாதுக்களுக்கும் யாத்திரிகர்களுக்கும் இலவச மருந்தகம் ஒன்றை நடத்தினார்.