ஐடா ஸ்கடர் அம்மையார்

வேலூருக்குத் தென்மேற்கே நீண்டு கிடப்பது சவ்வாது மலை. நெல்லிவாசல்நாடு, புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு எனப் பெயரிலேயே நாடு தாங்கிய மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள் அதன்மேல் உள்ளன. சமவெளியில் தம் வாழ்நாளை மருத்துவத்திற்கு ஈந்த ஐடா ஸ்கடரை அம்மலைமேல் நின்று நோக்குவது தகும். தொண்டின் கை எதுவரை நீளும் என்பது அங்கேதான் விளங்கும்.

1870 டிசம்பர் 9இல் இராணிப்பேட்டையில் பிறந்தார். பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819இல் இலங்கைக்கு வந்த மருத்துவர். அவருக்குப் பின் குடும்பமே சமயப் பணியும் மருத்துவமுமாய் வாழ்ந்தது. பஞ்ச காலத்துப் பட்டினிக் குழந்தைகளைச் சிறுமியாய்க் கண்டிருந்த ஐடாவுக்கு அவ்வாழ்வில் விருப்பமில்லை. அமெரிக்காவிலேயே தங்கிவிட எண்ணினார்.

நோயுற்ற தாய்க்குத் துணையாகத் திண்டிவனம் வந்திருந்தபோது, ஓர் இரவில் கணவன்மார் மூவர் ஒருவர் பின் ஒருவராக வந்தனர். மூவர் மனைவியரும் பிள்ளைப்பேற்றில் உயிருக்குப் போராடினர். ஐடா மருத்துவம் கற்றவர் அல்லர். கற்றவரான தந்தை அதே வீட்டில் இருந்தார், ஆயினும் ஆண்மகன். அயலான் தொடலாகாது என்று மூவரும் திரும்பினர். அந்தணர், இசுலாமியர் என்ற வேறுபாடு இதில் மட்டும் இல்லாமற்போனது! பெண்கள் மூவரும் இறந்தனர்.

கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899இல் பட்டம் பெற்று, 1900இல் வேலூர் வந்து ஓரறையில் மருந்து கொடுக்கத் தொடங்கினார். நியூயார்க் செல்வர் ஒருவர் மறைந்த மனைவியின் நினைவாக அளித்த கொடையால் 1902இல் 40 படுக்கைகளுடன் மருத்துவமனை எழுந்தது. மாட்டுவண்டியிலும் பின்னர் மோட்டாரிலும் குடியாத்தம் சாலையில் சென்று, வழிநெடுக மரநிழலில் வைத்தியம் பார்த்தார்.

வழக்கத்தோடு அவர் வாதாடவில்லை. அதற்குப் பணிந்தார் என்றுகூடக் குறை சொல்லலாம். ஆனால் ஒரு பெண் மருத்துவர் எத்தனை வீட்டுக்குச் செல்ல இயலும்? கொடை வளர்ந்தால் கட்டில்கள் பெருகும். தொடத்தக்க கைகள் பெருகா. எனவே 1909இல் செவிலியர் பள்ளியும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் கண்டார். மூவர் விண்ணப்பித்தாலே பெரிது என்றனர் அதிகாரிகள். விண்ணப்பித்தோர் 151 பேர். அவருடைய பணிகளில் தலையாயது இதுவே எனலாம். ஏழைப் பெண்ணுக்கு மருந்தளித்தோர் பலர். இந்நாட்டுப் பெண்ணையே மருத்துவராக்க முனைந்தோர் சிலரே.

அரசு பட்டப் படிப்பை வற்புறுத்தியபோது பள்ளியே மூடப்படும் நிலை வந்தது. பிழைக்க வேண்டி ஆண்களையும் சேர்க்க இசைந்தார். பெண்களுக்கென்றே பணம் திரட்டிய அமெரிக்கத் தோழியர் சிலர் மனம் கசந்தனர். அக்கசப்பில் நியாயமும் இருந்தது. 1947இல் ஆண்கள் சேர்ந்தனர்.

1960 மே 24இல் கொடைக்கானலில் மறைந்தார். அவர் வளர்த்த நிறுவனத்தின் சமூக மருத்துவர்கள் பிற்காலத்தில் சவ்வாது மலையும் ஏறினர். ஆயினும் சாலையில்லாச் சிற்றூர்களிலிருந்து, இந்த நூற்றாண்டிலும், கருவுற்ற பெண்களை டோலி கட்டித் தோளில் சுமந்தே இறக்கினர்.