தன் பிழையைத் தானே தேடிய லாம்டன் துரை

ஆய்க்குடி வயல் வரப்பில் நின்று மேற்கே பாருங்கள். குற்றால மலை நீல நிறத்தில் தெரியும். அது எத்தனை மைல் தொலைவு? ஒருவர் ஐந்து என்பார். இன்னொருவர் பத்து என்பார். அங்கே நடந்து போகாமல், நின்ற இடத்தில் இருந்தே சரியாகச் சொல்ல முடியுமா?

முடியும் என்று காட்டியவர் வில்லியம் லாம்டன். சென்னையில் தொடங்கி, நெல்லைச் சீமையைக் கடந்து, குமரிமுனை வரை நாட்டை அளந்தவர் அவர்.

நட்சத்திரம் சொன்ன திசை

இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியில் ஓர் எளிய குடும்பத்தில் லாம்டன் பிறந்தார். கணக்கில் கெட்டிக்காரர். ராணுவத்தில் சேர்ந்து, அமெரிக்கப் போரில் கைதியானார். பிறகு இந்தியாவுக்கு வந்தார்.

1799-ம் ஆண்டு. திப்பு சுல்தானுடன் போர். ஓர் இரவு ஆங்கிலப் படை நடந்து கொண்டிருந்தது. லாம்டன் வானத்தைப் பார்த்தார். படை எதிரியின் பக்கமே போவதை நட்சத்திரங்கள் காட்டின. தளபதியிடம் சொன்னார். அவர் நம்பவில்லை. திசைகாட்டியை எடுத்துப் பார்த்தார்கள். லாம்டன் சொன்னதே சரி!

பரங்கிமலையில் தொடக்கம்

1802 ஏப்ரல் மாதம் சென்னைப் பரங்கிமலை அருகே அளவு வேலை தொடங்கியது. 100 அடி நீள எஃகுச் சங்கிலியால் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு கோடு அளந்தார்கள். இதற்கு 57 நாட்கள் பிடித்தன!

ஏன் இத்தனை நாள்? வெயில் பட்டால் எஃகு நீளும். சங்கிலி நீண்டால் கணக்கு தவறும். ஆகவே தெர்மாமீட்டர் வைத்து வெப்பத்தைப் பார்த்து, அந்தப் பிழையையும் லாம்டன் கணக்கில் சேர்த்தார்.

பிறகு சங்கிலி தேவைப்படவில்லை. ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கத்தின் நீளமும், அதன் இரு முனைகளில் உள்ள கோணங்களும் தெரிந்தால் போதும். மற்றப் பக்கங்களைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். கோணம் அளக்கும் கருவியின் எடை சுமார் அரை டன்! அதை மலை உச்சிக்கும் கோபுரத்துக்கும் ஏற்றினார்கள்.

முக்கோணத்தின் மேல் முக்கோணமாகப் பெங்களூர் வரை போனார்கள். 1804-ல் அங்கே மறுபடியும் சங்கிலி பிடித்து ஒரு கோட்டை அளந்தார் லாம்டன். கணக்கில் வந்த நீளத்துக்கும் சங்கிலி காட்டிய நீளத்துக்கும் வேறுபாடு சுமார் நான்கு அங்குலமே!

பழைய படங்களில் சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே 400 மைல் என்று இருந்தது. லாம்டன் அளந்தபோது 360 மைல்தான் வந்தது.

தஞ்சையில் வந்த சோதனை

1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்துக்குக் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி நெளிந்தது. லாம்டன் கலங்கவில்லை. ஆறு வாரம் கூடாரத்துக்குள் இருந்து, மயிரிழை மயிரிழையாக நிமிர்த்தினார். அதன்பின் தெற்கே குமரிமுனைப் பக்கம் வரை வேலை நடந்தது.

ஓரிடத்தில் மட்டும் புதிர் இருந்தது. பெங்களூர்ப் பக்கம் நட்சத்திரம் பார்த்துக் கண்ட அளவும், நிலத்தில் அளந்த அளவும் ஒத்துவரவில்லை. இதை லாம்டன் மறைக்கவில்லை. மண்ணுக்கு அடியில் உள்ள கனத்த பாறைகள் தூக்குக்குண்டைத் தம் பக்கம் இழுத்திருக்கலாம் என்று எண்ணினார்.

1823 ஜனவரியில், மகாராஷ்டிரத்தில் உள்ள ஹிங்கன்காட் என்ற ஊரில், வேலைக்கு நடுவிலேயே அவர் காலமானார். அவருக்குப் பின் அந்தப் பணியை ஏற்றவர்தான் எவரெஸ்ட்.

கடலை அளக்கும் கண்

பூமியின் இழுப்பு எங்கும் ஒன்றல்ல. ஆகவே கடல் மட்டமும் எங்கும் சமமல்ல! பூமிக்கு வகுத்திருக்கும் சீரான வடிவத்தைவிட, இலங்கைக்குத் தெற்கே கடல் 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்து கிடக்கிறது.

இந்த மேடுபள்ளத்தைக் காட்டியவை செயற்கைக்கோள்கள். 2013 பிப்ரவரியில் இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து, ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து சரல் என்ற செயற்கைக்கோளை அனுப்பின. சுமார் 800 கிலோமீட்டர் உயரத்தில் இருந்து அது கடலை நோக்கி ரேடியோ அலையை விட்டது. அலை திரும்பி வந்த நேரத்தில் இருந்து கடலின் உயரத்தைக் கணக்கிட்டார்கள்.

இதிலும் பிழை உண்டு. காற்றில் உள்ள ஈரம் அலையைத் தாமதப்படுத்தும். செயற்கைக்கோளின் உயரத்தைக் கணிப்பதிலும் சிறு தவறு வரும். ஆகவே ஒரே இடத்தைச் செயற்கைக்கோள் இரு வேறு நேரங்களில் கடக்கும்போது கிடைக்கும் அளவுகளை ஒப்பிடுகிறார்கள். துறைமுகங்களில் அலையேற்றம் அளக்கும் கருவிகளோடும் ஒத்துப் பார்க்கிறார்கள். வேறுபாட்டில் இருந்து பிழை எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

இந்தப் பாடு எதற்கு? கடல் மட்டம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர்ந்து வருகிறது. பிழையின் அளவு தெரியாவிட்டால், உயர்ந்தது கடலா, தவறியது கருவியா என்றே சொல்ல முடியாது. கடற்கரை ஊர்களில் வீடு கட்டி வாழும் மக்களுக்கு இது வாழ்வுப் பிரச்சினை.

பரங்கிமலையில் அளந்து, பெங்களூரில் சரி பார்த்து, நான்கு அங்குல வேறுபாட்டையும் எழுதி வைத்தாரே லாம்டன் துரை, அதே வேலைதான் இன்று விண்ணில் நடக்கிறது!