சிறையில் எழுதிய தாய்: புனித பெர்பெத்துவா



பொம்பளப் பிள்ளைக்குப் படிப்பு எதுக்கு என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. அவர்களுக்கு, 1,800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓர் இளம் தாயின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

வட ஆப்பிரிக்காவில், இன்றைய துனிசியா நாட்டில், ரோமாபுரி ஆட்சிக்கு உட்பட்ட கார்த்தேஜ் என்ற நகரம் இருந்தது. அங்கே வசதியான குடும்பத்தில் பிறந்தவர் பெர்பெத்துவா. நன்றாகப் படித்தவர். வயது 22. கையில் பால்குடி மறவாத ஆண் குழந்தை. கிறிஸ்தவ சமயத்தில் சேர முன்வந்ததற்காக அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். அவரோடு பிடிபட்டவர்களில் பெலிசித்தா என்ற அடிமைப் பெண்ணும் ஒருவர். அவர் நிறைமாதத்தை நெருங்கிய கர்ப்பிணி.

சிறையில் ஒரே இருட்டு, புழுக்கம். குழந்தை பசியால் வாடியது. பிறகு குழந்தையைத் தன்னோடு வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்ததும், அந்தச் சிறையே அவருக்கு அரண்மனை போல ஆகிவிட்டது.

வயதான தகப்பனார் வந்து அழுதார்; மகளின் காலில் விழுந்தார். பெற்ற பிள்ளைக்காகவாவது மறுத்துச் சொல்லிவிடும்படி கெஞ்சினார். பெர்பெத்துவா மனம் நொந்தார். ஆனால் பொய் சொல்லவில்லை. அங்கிருந்த பானையைக் காட்டி, பானையை வேறு பெயரால் அழைக்க முடியாதது போல, தான் கிறிஸ்தவள் என்பதையும் மாற்றிச் சொல்ல முடியாது என்று விளக்கினார்.

கர்ப்பிணியைக் கொல்ல அன்றைய சட்டம் இடம் தரவில்லை. சிறையிலேயே பெலிசித்தாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதை ஒரு கிறிஸ்தவப் பெண் தன் மகளாக எடுத்து வளர்த்தார்.

கி.பி. 203, மார்ச் 7. கூட்டம் வேடிக்கை பார்க்க, இருவர் மீதும் முரட்டுப் பசுவை ஏவினார்கள். கீழே விழுந்த பெலிசித்தாவைப் பெர்பெத்துவா கைகொடுத்துத் தூக்கினார். சீமாட்டியும் அடிமையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். இறுதியில் வாளுக்கு இரையானார்கள்.

சிறையில் நடந்ததைப் பெர்பெத்துவா தாமே எழுதி வைத்தார். கடைசி நாளில் நடந்ததை வேறொருவர் எழுதி முடித்தார். கிறிஸ்தவப் பெண் எழுதி நமக்குக் கிடைத்த மிகப் பழைய எழுத்துகளில் அதுவும் ஒன்று. பிற்காலத்தில் புனித அகுஸ்தீனார் இவர்களைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். இன்றும் மார்ச் 7 இவர்கள் திருநாள்.

பெலிசித்தாவும் அதே வேதனையைத்தான் பட்டார். ஆனால் அவர் எழுதிய ஒரு வரிகூட நமக்குக் கிடைக்கவில்லை. அவர் கதையைப் பிறர் சொல்லித்தான் கேட்கிறோம்.

பெற்றோர்களே, நம் பெண் பிள்ளைகள் தங்கள் கதையைத் தாங்களே எழுதட்டும். அவர்கள் படிப்பைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.