கொசுவுக்குப் பேரேடு எழுதிய ஸர் ரொனால்ட் ராஸ்

நம்மவர் குடும்பங்களில் முதியோரிடம் பழங்கதை கேட்டால், பினாங்கிலும் கிள்ளானிலும் கடை வைக்க வந்த பாட்டன்மாரில் யாரோ ஒருவர் காய்ச்சலில் போனார் என்ற பேச்சு பெரும்பாலும் வரும். அந்தக் காய்ச்சல் மலேரியா. அது மனிதனுக்கு எப்படி வருகிறது என்பதைக் கண்டறிந்தவர் ஸர் ரொனால்ட் ராஸ் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த விஷயம். ஆனால் அவர் வாழ்நாளின் பின்பாதியை எதில் செலவிட்டார் என்பது பலருக்குத் தெரியாது. வியாபாரிகளாகிய நாம் அறிய வேண்டியது அந்தப் பின்பாதியைத்தான். ஏனென்றால் அது முழுக்க முழுக்கக் கணக்கு.

ராஸ் 1857 மே 13-ல் இமயமலைச் சாரலில் உள்ள அல்மோராவில் பிறந்தார். தந்தை பட்டாளத்தில் பெரிய அதிகாரி. பத்துப் பிள்ளைகளில் மூத்தவரான ராஸுக்கு ஓவியத்திலும் கவிதையிலும் நாட்டம். தந்தையோ வைத்தியம் படிக்கச் சொல்லி லண்டனில் சேர்த்துவிட்டார். வேண்டாவெறுப்பாகப் படித்து முடித்து, 1881-ல் இந்திய மருத்துவப் படையில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். அங்கே வேலை குறைவு, ஓய்வு அதிகம். அந்த ஓய்வில் கணித நூல்களை எடுத்துவைத்துக்கொண்டு, ஆசான் துணையின்றித் தாமே கற்றார். அன்று பார்த்தவர்களுக்கு அது வேலையற்றவன் வேலையாகத் தோன்றியிருக்கும்.

பெங்களூரில் இருந்தபோது அவர் பங்களாவில் கொசுத் தொல்லை தாங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது; அதில் புழுக்கள் நெளிந்தன. தொட்டியைக் கவிழ்த்தார், கொசு குறைந்தது. அதிகாரிகளின் சாப்பாட்டு மண்டபத்திலும் இப்படியே செய்யலாம் என்று மேலதிகாரியிடம் சொன்னார். இயற்கையின் ஏற்பாட்டில் கை வைப்பதா என்று அவர் மறுத்துவிட்டார். கொசு அப்போது வெறும் தொல்லை. அது நோயைச் சுமக்கிறது என்று ராஸுக்கே தெரியாது.

1894-ல் லண்டனில் டாக்டர் பாட்ரிக் மான்சனைச் சந்தித்த பிறகுதான் அந்த எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. மறு ஆண்டு செகந்தராபாத்துக்கு வந்து கொசுக்களை அறுத்துப் பார்க்கத் தொடங்கினார். 1897-ல் நீலகிரிக்குப் போய்ச் சீகூர் மலைப்பாதையில் ஆராயும்போது தாமே மலேரியாவில் விழுந்தார். எழுந்து திரும்பியதும் மறுபடி அதே வேலை. கடும் வெயில், விசிறி போட்டால் அறுத்த கொசு பறந்துவிடும் என்று விசிறியும் இல்லை. நெற்றி வியர்வை பட்டுப் பூதக்கண்ணாடியின் திருகாணிகள் துருப்பிடித்தன. உசேன் கான் என்ற நோயாளி, கொசு ஒன்றுக்கு ஓர் அணா என்று பேசிக்கொண்டு தம் உடலில் கடிக்கவிட்டார். பத்துக் கொசுவுக்குப் பத்து அணா! அந்தக் கொசுக்களில் ஒன்றின் வயிற்றுச் சுவரில்தான் 1897 ஆகஸ்ட் 20-ல் மலேரியாக் கிருமியை ராஸ் கண்டார். அடுத்த ஆண்டு கல்கத்தாவில் பறவைகளை வைத்து ஆராய்ந்து, கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து, கடிக்கும்போது அடுத்த உடலில் இறங்குகிறது என்று நிரூபித்தார். அங்கே அவருக்கு வலக்கையாக இருந்தவர் முகம்மது பக்ஷ் என்ற உதவியாளர். மனிதரிடத்திலும் அப்படியே என்று காட்டியவர்கள் இத்தாலிய அறிஞர்கள். அவர்களோடு ராஸ் ஆயுள் முழுதும் சண்டை போட்டார். 1902-ல் நோபல் பரிசு ராஸுக்குக் கிடைத்தது. கீர்த்தியில் பங்கு கொடுக்க மனம் வராத குணம் அவரிடம் இருந்தது. அதை மறைத்து எழுதுவதற்கில்லை.

இதுவரை ஊரறிந்த கதை. இனிச் சொல்வதுதான் நம் கணக்கு.

கொசுவே காரணம் என்று தெரிந்ததும், கொசுவை ஒழி என்றார் ராஸ். முடியுமா என்று கேட்டார்கள் எதிர்த்தவர்கள். லாகூருக்கு அருகே மியான்மீர் என்ற பட்டாள முகாமில் 1901-ல் தொடங்கிப் பல ஆண்டு சோதித்துவிட்டு, காய்ச்சல் குறையவில்லை என்று அறிக்கை கொடுத்தார்கள். இந்திய அரசாங்கம் அதையே பிடித்துக்கொண்டது. சுத்தம் செய்த இடம் சிறிது, செலவிட்ட பணம் அற்பம், அங்கே எடுத்த எண்ணிக்கையும் சரியில்லை என்று ராஸ் வாதாடினார். வாதம் வார்த்தையளவில் நின்றவரை பயன் இல்லை. கடைசிக் கொசுவையும் கொல்ல வேண்டுமா, பாதியைக் குறைத்தால் போதுமா? அரசாங்கப் பணத்தைக் கேட்பவன் இதற்கு எண்ணால் பதில் சொல்ல வேண்டும் அல்லவா?

அந்தப் பதிலைத் தேடித்தான் ராஸ் சென்னையில் படித்த கணிதத்தை மறுபடி எடுத்தார். 1904-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பேசும்போது, கொசு பிறந்த இடத்திலிருந்து திசையின்றி அலைவதைக் கணக்கிட்டு, ஓர் இடத்தைச் சுற்றி எவ்வளவு தூரம் சுத்தம் செய்தால் நடுவில் இருப்பவர் தப்புவார் என்று காட்ட முயன்றார். 1907-ன் இறுதியில் மொரீஷியஸ் தீவுக்கு அழைக்கப்பட்டார். கரும்புத் தோட்டங்களுக்கு நம் தமிழ் மக்களும் கப்பலேறிப் போன தீவு அது. 1860-களில் மலேரியா புகுந்து பல்லாயிரம் உயிரைக் கொண்டுபோயிருந்தது. அங்கே 30,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் வயிற்றைத் தொட்டு, மண்ணீரல் வீங்கியவர் எத்தனை பேர் என்று எண்ணவைத்தார். எந்த ஊரில் எவ்வளவு நோய் என்பதற்கு அதுதான் அவருக்குச் சரக்கிருப்புக் கணக்கு. 1908-ல் வந்த அறிக்கையில் தம் சமன்பாட்டை முதன்முதலாக எழுதினார். 1911-ல் அதை இன்னும் திருத்தினார்.

அவர் போக்கிலேயே நாமும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கம்பத்தில் ஒரு நோயாளி. அவரைச் சுற்றி 96 கொசுக்கள் என்று வையுங்கள். நாலில் ஒன்றுதான் அவரைக் கடிக்கும்: 24. கிருமி முதிர்வதற்குள் பல கொசுக்கள் சாகும். மூன்றில் ஒன்று பிழைத்தால் 8. அவற்றிலும் நாலில் ஒன்றுக்குத்தான் வேறொரு மனிதன் அகப்படுவான்: 2. ஆக அவர் குணமாவதற்குள் இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டார். இரண்டு நாலாகும், நாலு எட்டாகும். வட்டிக்கு வட்டி ஏறுகிறது. கொசுக்கள் 48 ஆனால் ஒருவருக்கு ஒருவர். முதல் அப்படியே நிற்கும். 24 ஆகிவிட்டாலோ எட்டு நோயாளிகள் நால்வருக்குத்தான் கொடுப்பார்கள், நால்வர் இருவருக்கு, முதலே கரைந்துபோகும். கொசு இன்னும் பறந்துகொண்டுதான் இருக்கும், நோய் இருக்காது! இப்படி ஓர் எல்லைக்கோடு உண்டு, அதற்குக் கீழே இறக்கினால் போதும் என்பதே ராஸ் கண்ட உண்மை. மனிதருக்கு ஓர் ஏடு, கொசுவுக்கு ஓர் ஏடு; ஒன்றின் பற்று மற்றொன்றின் வரவு. இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் ஐந்தொகை நேராகும். பின்னாளில் கம்ப்யூட்டருக்குள் ஒரு நாட்டையே பொம்மையாகச் செய்து ஓட்டிப் பார்க்கும் வித்தைக்கு இது முன்னோடி.

காகிதத்தில் எழுதியது நிலத்தில் பலிக்குமா? பலித்த இடம் நம் கிள்ளான். 1901-ல் இளம் டாக்டர் மால்கம் வாட்சன் அங்கே வந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம், இன்றைய கிள்ளான் துறைமுகம், திறக்கப்பட்டது. திறந்த இரண்டொரு மாதத்தில் அங்கே குடியேறியவர்களைக் காய்ச்சல் வாரிக்கொண்டதால், மூடிவிடலாமா என்ற பேச்சே எழுந்தது. ராஸின் கொள்கையை நம்பிய வாட்சன் சதுப்பை வடித்தார், காட்டை வெட்டினார். ஆஸ்பத்திரிப் பதிவேட்டைப் பாருங்கள். கிள்ளான் நகரிலிருந்து மலேரியாவுடன் வந்து சேர்ந்தவர்கள் 1901-ல் 334, 1902-ல் 129, 1903-ல் 48, 1905-ல் 12. மழை மாறியதாலோ அதிர்ஷ்டத்தாலோ குறைந்தது என்று சொல்ல வாய்ப்பில்லை. ஏனென்றால் வாட்சன் கை வைக்காத சுற்றுப்புறத்திலிருந்து வந்தவர்கள் அதே காலத்தில் 197-லிருந்து 353 ஆக ஏறினார்கள். இந்த இரண்டாவது வரிசையைத் தவறாமல் எழுதிவைத்தாரே, அதற்காகவே வாட்சனைப் பாராட்ட வேண்டும். ஒரு கடையில் விற்பனை கூடியது எதனால் என்று அறிய அடுத்த கடையின் கணக்கும் வேண்டுமே!

அதற்குப் பிறகு ஒரு சிக்கல் வந்தது. கரையோரச் சமவெளியில் காட்டை வெட்டியதும் காய்ச்சல் போயிற்று. மேட்டு நிலத்துக் கித்தா தோட்டங்களில் அதே வேலையைச் செய்தபோது காய்ச்சல் ஏறியது. தமிழ்த் தொழிலாளர் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். காரணம், சமவெளிக் கொசு நிழல் நீரில் முட்டையிடும் சாதி. மேட்டுக் கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடையில் முட்டையிடும் சாதி. காட்டை வெட்டி ஓடைக்கு வெயில் காட்டியவர்கள் கொசுவுக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டார்கள். வாட்சன் ஓடையைப் பூமிக்கடியில் குழாயில் விட்டும், எண்ணெய் தெளித்தும் அதைச் சமாளித்தார். 1911-ல் அவர் எழுதிய நூலுக்கு ராஸ் முன்னுரை கொடுத்தார்.

ராஸின் கடைசிக் காலம் செழிப்பாக இல்லை. தம் கண்டுபிடிப்பால் அரசாங்கங்கள் அடைந்த லாபத்தில் தமக்குப் பங்கில்லை என்ற மனக்குறை அவருக்கு. 1928-ல் தம் கடிதங்களையும் குறிப்பேடுகளையும் விற்பதாக விளம்பரம் செய்தார். ஒரு சீமாட்டி 2,000 பவுனுக்கு வாங்கினார். கொசுவைக் கண்டதைவிடக் கணக்கைக் கண்டதே பெரிது என்று அவர் எண்ணி வந்தார். ஆனால் அன்றைய வைத்தியர்களில் கணிதம் அறிந்தவர் சிலரே. அறிந்தவர்களில் ஒருவர் மக்கென்ட்ரிக். இளமையில் ராஸுடன் சியரா லியோன் சென்ற அவர், கெர்மாக் என்பவருடன் சேர்ந்து 1927-ல் எல்லாத் தொற்று நோய்க்கும் பொருந்தும்படி அந்தக் கணக்கை விரித்தெழுதினார். ராஸ் 1932 செப்டம்பர் 16-ல் லண்டனில் தம் பெயர் தாங்கிய நிலையத்திலேயே காலமானார். அந்த நிலையத்தின் தலைமைக்குப் பின்னர் வந்தவர் நம் கிள்ளான் வாட்சன். அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் மக்டோனால்ட், ஒரு நோயாளி எத்தனை பேருக்குக் கொடுக்கிறார் என்ற எண்ணுக்கே தனிப் பெயர் சூட்டினார். மலேரியாவைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்த அவருடைய கட்டுரை, அவர் மறைந்த மறு ஆண்டு, 1968-ல் வெளிவந்தது.

அந்த எண் நமக்குப் புதிதல்ல. 2020 ஜனவரி 25-ல் நாட்டின் முதல் மூன்று கோவிட் நோயாளிகளை நம் சுங்கை பூலோ ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து கடைக் கதவுகள் சாத்தப்பட்டன. அந்த நாட்களில் சுகாதார அமைச்சு அறிவித்து வந்த அந்த எண் ஒன்றுக்குக் கீழே இறங்காதா என்று கல்லாவைப் பார்த்தபடி காத்திருந்தோமே, அது ராஸின் 48 கொசுக் கணக்கின் பேரப்பிள்ளைதான்.

மலேசியாவில் மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசு கொண்டுபோகும் உள்நாட்டு மலேரியா 2018 முதல் பதிவாகவில்லை. ஆனால் குரங்குகளிடம் உள்ள ஒரு வகை மலேரியா மனிதருக்கு வருகிறது. சபா, சரவாக்கில் அதுவே இப்போது பெரும் தொல்லை. இயற்கையாக அது மனிதருக்கு வந்தது முதன்முதல் தெரிந்தது 1965-ல், பகாங் காட்டில் வேலை செய்த ஓர் அமெரிக்கரிடம். மனிதரிடம் எல்லைக்கோட்டுக்குக் கீழே இறக்கிவிட்டாலும் காட்டிலிருந்து புதுச் சரக்கு வந்துகொண்டே இருக்கும். ராஸ் எழுதிய இரண்டு ஏடுகளோடு குரங்குக்கு மூன்றாவது ஏடு ஒன்றைச் சேர்த்து எழுதும் வேலையில் இன்றைய கணக்கர்கள் இறங்கியிருக்கிறார்கள். காட்டில் போய்க் குரங்கை எண்ணுவதுதான் அவர்களுக்குப் பெரும்பாடு.