தில்லானா தந்த கொத்தமங்கலம் சுப்பு

‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தை நம் தோட்டத்தில் பார்க்காத பெரியவர்கள் உண்டா? சிவாஜியின் நாதஸ்வரமும் பத்மினியின் சலங்கையும் இன்னும் கண்முன்னே நிற்கும். ஆனால் அந்தக் கதையை எழுதினவர் யாரென்று கேட்டால் பலரும் முழிப்போம். அவர்தான் கொத்தமங்கலம் சுப்பு.

1910-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் நாள் கன்னாரியேந்தல் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெரிய படிப்புக்கு வசதி இல்லை. செட்டிநாட்டுக் கொத்தமங்கலத்தில், நம் தோட்டத்துக் கிராணியைப் போல, கணக்கு எழுதிப் பிழைத்தார். அந்த ஊரின் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. நாடக ஆசை அவரைச் சென்னைக்கு இழுத்துச் சென்றது.

அங்கே எஸ். எஸ். வாசனின் ஜெமினி ஸ்டுடியோவில் நடித்தார், பாட்டெழுதினார், படமும் இயக்கினார். ஜெமினி கணேசன் முதன்முதலாகத் தலைகாட்டிய ‘மிஸ் மாலினி’ (1947) இவர் இயக்கியதே. ஆத்திசூடி படிக்கும் பிள்ளைகளே, கே. பி. சுந்தராம்பாள் ஔவைப் பாட்டியாகவே வாழ்ந்து காட்டிய ‘ஔவையார்’ (1953) படமும் இவர் கைவண்ணம்தான்!

‘கலைமணி’ என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் இவர் எழுதிய தொடர்கதைதான் ‘தில்லானா மோகனாம்பாள்’. கோபுலு படம் வரைந்தார். 1968-இல் ஏ. பி. நாகராஜன் அதைத் திரைப்படமாக்கினார். காந்தியடிகளின் கதையையும் சுப்பு வில்லுப்பாட்டாக்கி, ஊர் ஊராகப் போய்த் தாமே பாடினார். 1971-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1974 பிப்ரவரி 15-இல் மறைந்தார்.

இவ்வளவு உயர்ந்தும் அவர் கிராமத்துப் பேச்சை விட்டுவிடவில்லை. நாற்று நடுகிறவர்கள் பேசுகிற தமிழிலேயே கவிதை எழுதினார். அது பட்டிக்காட்டுப் பேச்சு என்று வெட்கப்பட்டிருந்தால் நமக்கு இந்தச் சுப்பு கிடைத்திருக்க மாட்டார்.

நம் பிள்ளைகளில் சிலர் தோட்டத்துப் பேச்சைப் பேசக் கூச்சப்படுகிறார்கள். ஏன் கூச்சம்? கொழுந்துக் கூடையைச் சுமந்துகொண்டு பாட்டி பாடிய தெம்மாங்கும், லயத்தில் கேட்ட தாலாட்டும் நம் சொத்து அல்லவா? எழுதி வைக்காவிட்டால் பாட்டியோடு பாட்டும் போய்விடும். மாணவர்களே, இன்று பரிசாகக் கிடைக்கும் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பாட்டியைக் கேட்டு ஒரு பாட்டு எழுதுங்கள். பெற்றோர்களே, பிள்ளை வந்து கேட்டால், ‘போடா, வேலையைப் பாரு’ என்று விரட்டாமல் பாடிக் காட்டுங்கள்!