சக்கர நாற்காலி டாக்டர்

இந்த மாதம் நான் எழுதுவது டாக்டர் மேரி வர்கீஸ் பற்றி. வேலூர்ப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த பெயர் இது. நம்ம தேனிப் பக்கமும் தெரியணும் என்று எனக்கு ஆசை.

இவர் 1925-இல் கேரளாவில் செராய் என்ற ஊரில் பிறந்தார். வேலூர் சி.எம்.சி.யில் டாக்டருக்குப் படித்தார். 1954-இல் நண்பர்களோடு போன வண்டி கவிழ்ந்து, முகத்தில் பெரிய காயம். முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லாமல் போச்சு. அப்போ முப்பது வயசுகூட ஆகல.

அங்கே பால் பிராண்ட் என்ற டாக்டர், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்திக்கொண்டிருந்தார். கை ஆபரேஷனை உட்கார்ந்தே செய்யலாம் இல்லையா? மேரி சக்கர நாற்காலியில் இருந்தபடியே அதைக் கற்றுச் செய்தார். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். பிறகு ஆஸ்திரேலியாவில் பயிற்சி, நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவப் படிப்பு. திரும்பி வந்து 1963-இல் அந்தத் துறைக்கே தலைவரானார். 1966-இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்தார்கள். 1972-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

மறுவாழ்வு மருத்துவம் என்றால், எலும்பு கூடியதோடு முடிகிற வைத்தியம் இல்லை. கட்டிலில் இருந்து நாற்காலிக்கு மாறுவது, படுக்கைப்புண் வராமல் புரண்டு படுப்பது, மறுபடி ஒரு தொழில் செய்வது, எல்லாம் அதில் வரும். சரியாயிடுச்சா என்று எக்ஸ்ரே சொல்லாது. அவங்களேதான் சொல்லணும்.

எங்க தெருவில் ஒரு மாமா தென்னை மரத்திலிருந்து விழுந்து படுக்கையாகிவிட்டார். பார்க்க வருகிறவங்க எல்லாம் எப்படி இருக்கார் என்று அத்தையிடம்தான் கேட்பாங்க. மாமா பக்கத்திலேயே முழிச்சுக்கிட்டு படுத்திருப்பார்!

இப்படி ஆகக்கூடாது என்றுதான் இப்போ நோயாளியிடமே கேட்கக் கேள்வித்தாள்கள் இருக்கு. உலக சுகாதார நிறுவனம் 1990-களில் பல நாட்டு ஊர்களில் மக்களைக் கேட்டு ஒன்று தயாரித்தது. அதில் நம்ம சென்னையும் உண்டு. அதன் சின்ன வடிவத்தில் 26 கேள்விகள். வலி இருக்கா, தூக்கம் வருதா, செலவுக்குப் பணம் போதுதா, வெளியே போய்வர முடியுதா என்றெல்லாம் கேட்கும். தமிழிலும் இருக்கு. நம்ம கிராம நர்ஸ் அக்கா கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் பதிவேடு வைத்திருக்காங்களே, அதுபோல நிறைய பேர் பதிலை வருஷக்கணக்கில் பதிந்து வைத்தால், எந்த வைத்தியம் உண்மையில் உதவுது என்று தெரியும்.

மேரி வர்கீஸ் காலத்தில் இந்தத் தாள் இல்லை. ஆனால் டாக்டரும் அவரே, நோயாளியும் அவரே. கால் நகராதவங்களுக்கு எது கஷ்டம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1986-இல் இறந்தார். பாகாயம் நிலையம் இப்போ அவர் பெயரில் இருக்கு. சிகிச்சை முடிந்து ஊருக்குப் போனவங்களைத் திரும்ப வரவழைத்து அங்கே மேளா நடத்துறாங்க. உடம்பைப் பரிசோதித்து, ஊரில் எப்படி இருக்கீங்க என்று விசாரிப்பாங்க. சக்கர நாற்காலியில் இருக்கிறவங்களுக்கு விளையாட்டுப் போட்டியும் உண்டு.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி, குச்சனூர்