கண் திறந்த ரொனால்டு ராஸ்

மலேரியாக் காய்ச்சலைப் பரப்புவது கொசுவே என்று நிறுவிய ரொனால்டு ராஸை அறியாதார் நம்முள் இலர். பள்ளிப் பாடநூலிலேயே அவர் பெயரைப் படித்து மதிப்பெண்ணும் வாங்கிவிட்டோம். ஆனால் அந்தப் பேரறிஞருக்கு முப்பத்தாறு வயது வரை மலேரியாக் கிருமியை நுண்ணோக்கியில் கண்டுகொள்ளவே தெரியாது என்பதை எத்தனை பேர் அறிவோம்? நான் அறிந்தது இவ்வாண்டுதான். அறிந்த நாள் முதல் அவர்மீது எனக்குத் தனிப் பற்று.

1857 மே 13இல் இமயமலைச் சாரலில் உள்ள அல்மோராவில் பிறந்தவர் அவர். தந்தை படை அதிகாரி. மகனுக்கோ கவிதையிலும் இசையிலும் நாட்டம். தந்தையின் விருப்பத்திற்காகவே இலண்டனில் மருத்துவம் பயின்று, 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். வேலை நேரம் போக மீதியெல்லாம் கவிதையும் கணக்கும்தான்!

இதற்கிடையில் 1880இல் அல்ஜீரியாவில் லவரான் என்னும் படை மருத்துவர், நோயாளியின் குருதியில் மலேரியாக் கிருமியைக் கண்டிருந்தார். 1954 வரை நம் காரைக்காலில் பறந்த அதே பிரெஞ்சுக் கொடியின்கீழ்ப் பணிபுரிந்தவர் அவர். ராஸும் இங்கே குருதித் துளிகளை ஓயாமல் ஆராய்ந்தார். ஒன்றும் அகப்படவில்லை. லவரான் சொன்னது தவறு என்று கட்டுரையே எழுதிவிட்டார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிவப்பணுவின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஏழு பங்கு. கிருமி அதற்குள் ஒளிந்திருக்கும். செய்முறை வகுப்பில் முதன்முதலாக நுண்ணோக்கியில் குனிந்தவர்க்குத் தெரியும், அந்த ஒளிவட்டத்தில் தூசும் காற்றுக்குமிழியும் நம் கண்ணிமை மயிருமே முன்னால் வந்து நிற்கும்.

1894இல் விடுமுறையில் இலண்டன் சென்ற ராஸ், பாட்ரிக் மான்சன் என்ற மூத்த மருத்துவரைச் சந்தித்தார். மான்சன் வாதாடவில்லை. மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, நுண்ணோக்கியின் முன் அமர்த்தி, கிருமி உள்ள குருதியைக் காட்டினார். பிறை போன்ற வடிவத்தையும், கிருமிக்குள் கிடக்கும் கருநிறத் துகள்களையும் ராஸ் கண்ணாரக் கண்டார். ஐயம் அகன்றது. கொசுவுக்கு இதில் பங்குண்டு என்ற கருத்தையும் அவருக்கு ஊட்டியவர் மான்சனே.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நூலைப் படித்துப் படித்து மனத்தில் இருத்திக்கொள்ளலாம். லென்சுக்குள் தெரிவது உயிரணுவா, குமிழியா என்று சொல்ல எங்கள் வீட்டில் யாருமில்லை. ஆசிரியர் அருகில் வந்து கண்ணாடியைத் திருப்பி ஒளி கூட்டி, சிறு உருப்பெருக்கத்தில் இடம் பிடித்து, பிறகு பெரிய லென்சை மாற்றி, நுண்திருகை மெல்ல நகர்த்தித் தந்தால்தான் எனக்கு அது புலப்படும். மருத்துவப் பட்டம் பெற்ற ராஸுக்கே ஒரு மான்சன் வேண்டியிருந்தார் என்று படித்தபோது பெரிய ஆறுதலாயிருந்தது.

1895இல் இந்தியா திரும்பியவர் இரண்டாண்டு கொசுக்களை அறுத்தறுத்துப் பார்த்தார். அத்தனையும் மலேரியாவைப் பரப்பாத வகை. கொசுக்கள் காற்றில் பறந்துவிடும் என்று பங்காவையும் நிறுத்தி வைத்தார். நெற்றி வியர்வை விழுந்து நுண்ணோக்கியின் திருகுகள் துருவேறின. கடைசியில் சிறகில் புள்ளியுள்ள கொசுக்கள் கிடைத்தன. உசேன் கான் என்னும் நோயாளி, கடிக்கு ஓரணா வீதம் பத்துக் கடிக்குப் பத்தணா பெற்றுக்கொண்டு அவற்றுக்குக் குருதி கொடுத்தார். (நோபல் வரலாற்றில் இவருக்கும் ஓர் ஓரம் ஒதுக்கலாம் என்பது என் எண்ணம்.) 1897 ஆகஸ்டு 20இல், எஞ்சிய கொசுக்களுள் ஒன்றை அறுத்தபோது, அதன் இரைப்பைச் சுவரில் வட்டமான அணுக்கள். அவற்றுள்ளே கருநிறத் துகள்கள்! இலண்டனில் மான்சன் காட்டிய அதே துகள்கள். பழகிய கண் உடனே அடையாளம் கண்டுகொண்டது.

மறு ஆண்டு கல்கத்தாவில், முகமது பக்ஸ் என்ற உதவியாளருடன் பறவை மலேரியாவை ஆராய்ந்து, கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்குச் செல்வதையும் கண்டார். 1902இல் நோபல் பரிசு வந்தது. லவரானுக்கு அது 1907இல்தான் கிடைத்தது.

புகழ் வந்தபின் மான்சனோடு ராஸுக்கு மனக்கசப்பு ஏற்பட்டு, அவதூறு வழக்கு வரை சென்றது வருந்தத்தக்கது. 1899 முதல் ராஸ் லிவர்ப்பூல் வெப்பநாட்டு மருத்துவப் பள்ளியில் ஆசிரியராக அமர்ந்தார். வெளிநாடுகளுக்குப் புறப்படும் மருத்துவர்கள் அங்கே அவரிடம் பயின்றனர். மான்சன் 1922இல் மறைந்தார். ராஸ் 1932 செப்டம்பர் 16இல் இலண்டனில் காலமானார்.